1, 2, 3… 11-ல் மாட்டிக்குவீங்க! பாக்கெட் கத்தி பிரியர்களின் எண் விளையாட்டு

டூர் பஸ்ஸில் போரடித்தால் ‘பாட்டுக்குப் பாட்டு’ ஆரம்பித்துவிடுவோம், இல்லையா? ஒருத்தர் முடிக்கிற எழுத்தில் அடுத்தவர் பாடணும். மாட்டிக்கிட்டு முழிக்கிறவரை எல்லாரும் சேர்ந்து ஓட்டணும். அதே ஜாலியோடு ஆன்லைனில் ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டுக்குப் பதில் பாக்கெட் கத்தி. எழுத்துக்குப் பதில் எண். பயப்படாதீங்க பாஸ், யாரும் யாரையும் குத்தப்போவதில்லை.

இதை விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற மடக்குக் கத்தி சேகரிப்பாளர்கள். நம்ம ஊரில் தபால் தலை, பழைய நாணயம் சேர்க்கிறவர்கள் மாதிரி அவர்களுக்கு இது ஒரு பித்து. ஒருவர் தன் கத்தியை போட்டோ எடுத்து ‘1’ என்று போடுவார். அடுத்தவர் ‘2’. அதற்கடுத்தவர் ‘3’. இப்படியே போகும். ஒரே நிபந்தனை, அந்த எண் அந்தக் கத்தியில் எங்கேயாவது இருந்தாக வேண்டும். முத்திரையில் குத்தியிருக்கலாம், மாடல் நம்பராக இருக்கலாம், பிளேடுகளின் எண்ணிக்கையாக இருக்கலாம், புள்ளிகளாகக்கூட இருக்கலாம். ஒருத்தரே அடுத்தடுத்து இரண்டு எண் போடக் கூடாது என்பது மாதிரியான சில்லறை விதிகள் குழுவுக்குக் குழு மாறும்.

கேட்க சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் பத்து எண் தாண்டுவதற்குள் ஒரு விஷயம் புரிந்துவிடும். கத்தியில் இருக்கிற எண் சும்மா அழகுக்காக இல்லை. அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் அந்தக் கத்தி தன் வயசு, பிறந்த ஊர், உடம்பு எதனால் ஆனது என்று எல்லாத்தையும் உளறிவிடும். படிக்கத் தெரியாதவர் பழசு என்று நம்பி புதுசுக்குக் காசு கொடுத்துவிட்டு வருவார்.

இடையில் ஒரு சின்னத் தகவல். நாம் ‘பேனாக்கத்தி’ என்று சொல்கிறோமே, பேனாவுக்கும் கத்திக்கும் என்ன சம்பந்தம்? இறகால் எழுதிய காலத்தில் இறகின் முனையைச் சீவுவதற்கு ஒரு குட்டிக் கத்தி வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இருந்த பெயரை அப்படியே தமிழாக்கி பேனாக்கத்தி ஆக்கிவிட்டோம். இறகு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம்.

ஒண்ணாம் நம்பரும் பதினொண்ணாம் நம்பரும்

இந்த விளையாட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி ஒரு கத்தி உண்டு. பிரான்ஸின் ‘ஓபினெல்’. ஆல்ப்ஸ் மலையடிவாரத்து சவாய் பகுதியில் ஜோசப் ஓபினெல் என்ற இளைஞர் 1890-ல் செய்ய ஆரம்பித்தது. மரப்பிடி, ஒரே ஒரு பிளேடு, அவ்ளோதான். 1897-ல் இதையே 12 அளவுகளில் செய்து, 1 முதல் 12 வரை எண் கொடுத்தார்கள். அப்படியென்றால் விளையாட்டில் முதல் 12 ரவுண்டும் ஓபினெலை வைத்தே ஓட்டிவிடலாமே?

அங்கேதான் ட்விஸ்ட். 1930-களில் இரண்டு எண்களைத் தூக்கிவிட்டார்கள். நம்பர் 1 ரொம்பக் குட்டி. நம்பர் 11, முன்னால் இருந்த 10-க்கும் பின்னால் இருந்த 12-க்கும் நடுவில் பெரிசாக வித்தியாசம் காட்டாமல் நின்றது. இரண்டும் போயே போச்சு. இன்றைக்குக் கடையில் 2 முதல் 10 வரை கிடைக்கும், 12 கிடைக்கும், பிறகு நேராக 13. அந்த 13 ஒரு ராட்சசன், பிளேடு மட்டுமே 22 செ.மீ. அதை எந்த பாக்கெட்டில் வைப்பது என்று கேட்காதீங்க, எனக்கும் தெரியாது.

அதனால் ஓபினெலை மட்டும் நம்பி இறங்குகிறவர் முதல் எண்ணிலேயே தடுமாறுவார், சமாளித்து வந்தால் 11-ல் மாட்டுவார்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஓபினெல் எண்ணை சென்டிமீட்டர் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. 9, 10, 12 மூன்றுக்கும் அது பொருந்திப்போகும். நம்பர் 9-ன் பிளேடு 9 செ.மீ, 10-க்கு 10, 12-க்கு 12. ஆனால் எல்லாரும் வாங்குகிற நம்பர் 8-ஐ அளந்தால் எட்டரை வரும். நம்பர் 7-ஐ அளந்தால் 8 வரும்! முத்திரை தேய்ந்துபோன ஒரு பழைய கத்தியை ஸ்கேல் வைத்து அளந்து, “8 செ.மீ இருக்கு, அப்போ இது நம்பர் 8” என்று ஒருவர் விற்றால் அது பொய்யில்லை, தப்பு. வாங்குகிற உங்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிளேடு மடங்கி விரலை வெட்டாமல் இருக்க கழுத்தில் ஒரு உலோக வளையம் சுற்றி இருக்கும், திருகினால் பூட்டிக்கொள்ளும். அது 1955-ல்தான் வந்தது. வளையம் இல்லாத ஓபினெலைப் பார்த்தால் உடனே உடைசல் என்று முடிவு கட்டிவிடாதீங்க. அது அதற்கும் முந்தைய காலத்துக் கத்தியாக இருக்கலாம். நம்பர் 2 முதல் 5 வரையான குட்டிகளில் இன்றைக்கும் வளையம் கிடையாது.

சரி, 11-க்கு என்னதான் வழி? அமெரிக்காவின் ‘ஸ்பைடர்கோ’ தன் கத்திகளுக்கு ‘சி’ என்ற எழுத்தோடு வரிசை எண் கொடுக்கும். அவர்களுடைய ‘டெலிகா’ மாடலின் எண் சி11. ஜெயிச்சாச்சு! அதே கம்பெனி 1981-ல் போட்ட முதல் கத்தி ‘ஒர்க்கர்’. பிளேடில் ஒரு வட்ட ஓட்டை, கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் ஒரே கையில் திறந்துவிடும். அதன் எண் சி01. ஆக, 1-க்கும் வழி பிறந்தாச்சு. இதெல்லாம் வேண்டாம் என்றால், ஒற்றை பிளேடு உள்ள எந்தக் கத்தியையும் ‘1’ என்று போட்டுவிடலாம். சட்டப்படி செல்லும், ஆனால் குழுவில் ஒருத்தரும் கைதட்ட மாட்டார்கள்.

பல்குச்சியும் ஒரு கணக்குதான்

சிவப்பு நிறம், வெள்ளைச் சிலுவை. சுவிஸ் கத்தியைத் தெரியாதவர் யார்? துபாய், சிங்கப்பூரிலிருந்து வரும் மாமா ஒருத்தராவது ஒன்று வாங்கி வந்திருப்பார். விக்டோரினாக்ஸ் கம்பெனியை 1884-ல் கார்ல் எல்செனர் ஆரம்பித்தார். 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். இன்று நாம் பார்க்கிற வகையின் மூதாதையான ‘ஆபீசர்’ கத்திக்கு 1897 ஜூன் 12-ல் சட்டப் பாதுகாப்பு வாங்கினார். ஓபினெல் 12 எண்கள் போட்டதும் அதே 1897-தான் என்பதைக் கவனிச்சீங்களா?

இந்தக் கத்திகளை அடையாளம் சொல்வதே ‘இத்தனை வேலை செய்யும்’ என்ற கணக்கை வைத்துத்தான். சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி ‘கிளாசிக் எஸ்டி’யின் கணக்கு 7. எண்ணிப் பார்க்கலாமா? பிளேடு, நகம் தேய்க்கும் அரம், அரத்தின் நுனியில் ஸ்குரூ டிரைவர், கத்தரிக்கோல். நாலுதான் ஆச்சு. மீதி மூணு? சின்ன இடுக்கி, பல்குச்சி, அப்புறம்… சாவி மாட்டுகிற வளையம். ஆமாம், வளையமும் ஒரு ‘வேலை’தான்!

முதல்முறை நான் எண்ணியபோது 6-ல் நின்றுவிட்டேன். கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்றே நினைத்தேன். வளையத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

இந்த சூத்திரம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் ஈஸி. ‘ஸ்பார்ட்டன்’ மாடலுக்கு 12. பெரிய பிளேடு, சின்ன பிளேடு, கார்க் திருகி, துளை போடும் ஊசி ஆகியவை நாலு. டப்பா ஓப்பனரும் அதன் நுனியில் உள்ள சின்ன ஸ்குரூ டிரைவரும் இரண்டு. பாட்டில் ஓப்பனர் ஒரே துண்டுதான், ஆனால் அதன் நுனி பெரிய ஸ்குரூ டிரைவர், ஓரத்தில் ஒயர் தோலை உரிக்க ஒரு வெட்டு, ஆகவே மூன்று. இடுக்கி, பல்குச்சி, வளையம் வழக்கமான மூன்று. கூட்டினால் 12. இதோடு கத்தரிக்கோலும் ஒரு கொக்கியும் சேர்த்தால் ‘கிளைம்பர்’, 14. மர ரம்பம் ஒன்றையும் சேர்த்தால் ‘ஹன்ட்ஸ்மேன்’, 15.

இது ஏதோ பொழுதுபோக்குக் கணக்கு இல்லை. பழைய சுவிஸ் கத்தி ஒன்றை “ஹன்ட்ஸ்மேன், 15 வேலையும் செய்யும்” என்று யாராவது விற்றால் நீங்கள் எண்ணணும். 13-தான் வருகிறதென்றால், பிடியின் ஓரத்தில் இருக்கிற இரண்டு சின்னப் பள்ளங்களைப் பாருங்க. இடுக்கியும் பல்குச்சியும் காணாமல் போயிருக்கும். முதலில் தொலைவது எப்போதும் அவைதான். தனியாக வாங்கிப் போட்டுவிடலாம், பெரிய செலவில்லை. ஆனால் விலை பேசும்போது அந்த ‘2’ உங்கள் பக்கம் இருக்கணுமா, வேண்டாமா?

கணக்கு இப்படியே ஏறி ‘சுவிஸ்சேம்ப்’ மாடலில் 33-ஐத் தொடும். அதற்கு மேலும் உண்டு. வெங்கர் என்ற இன்னொரு சுவிஸ் கம்பெனி (2005-ல் விக்டோரினாக்ஸ் இதை வாங்கிவிட்டது) ‘ஜெயன்ட்’ என்று ஒன்றைச் செய்தது. 87 கருவிகள், 141 வேலைகள், கின்னஸ் புத்தகத்திலும் இடம். அகலம் சுமார் 22 செ.மீ. கையில் பிடிக்க முடியாத கைக்கத்தி! அதை வைத்து ஒரு ஆப்பிளைக்கூட நிம்மதியாக நறுக்க முடியாது. ஆனால் ஆட்டத்தில் 141 வரும்போது அது இருக்கிறவர்தான் ராஜா.

மைனஸ் புள்ளி கணக்கு

எனக்கு இந்த விளையாட்டில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிராட்ஃபோர்ட் என்றொரு சின்ன ஊர். அங்கே ‘கேஸ்’ என்று ஒரு கத்தி கம்பெனி. அமெரிக்க சேகரிப்பாளர்களில் ஒரு பெரிய கூட்டம் இந்த ஒரே கம்பெனியை மட்டும் சேர்க்கும். அதன் பல கத்திகளில் பிளேடு பிடிக்குள் நுழைகிற அடிப்பகுதியில் நாலு இலக்க எண் ஒன்று குத்தியிருக்கும். உதாரணம், 6318.

இதைப் பிரித்துப் படிக்கணும். முதல் இலக்கம் பிடி எதனால் ஆனது என்று சொல்லும். 6 என்றால் கோடு கோடாகச் செதுக்கிய எலும்பு. 5 என்றால் மான் கொம்பு. 3 என்றால் மஞ்சள் நிற செயற்கைப் பொருள். இரண்டாவது இலக்கம் எத்தனை பிளேடு என்று சொல்லும். மீதி இரண்டும் வடிவத்தின் எண். ஆக, 6318 என்றால் எலும்புப் பிடி, மூணு பிளேடு, 18-ஆம் வடிவம். அது ‘ஸ்டாக்மேன்’, மாடு மேய்க்கிறவர்களுக்கான கத்தி. மூன்று பிளேடில் ஒன்று கால்நடைகளுக்குக் காயடிக்க என்றே வந்தது. (இப்போது அதே பிளேடால் பார்சல் பிரிக்கிறார்கள்.)

6220 என்றால்? எலும்பு, இரண்டு பிளேடு, 20-ஆம் வடிவம். செல்லப் பெயர் ‘பீநட்’, நம்ம நிலக்கடலைதான். 6254? எலும்பு, இரண்டு பிளேடு, 54. அது ‘ட்ராப்பர்’. அதையே மஞ்சள் பிடியில் செய்தால் 3254. பாருங்க, பத்து நிமிஷத்தில் நீங்களும் படிக்க ஆரம்பிச்சாச்சு.

விளையாட்டில் 18, 20, 54 வரும்போது கேஸ் ஆட்கள் பாய்ந்து வருவது இதனால்தான். ‘சாட் பஸ்டர்’ வகையில் சின்னது 2137, பெரியது 2138. கூட்டாளி ஒருவர் 37 போட்டதும் இவர் 38 போடலாம். ‘சீட்டா’ என்ற மாடலின் வடிவ எண் பதினொன்றரை! 11-ஐயும் 12-ஐயும் ஒரே அடியில் தாண்டலாமா என்று கேட்டுப் பாருங்க, குழுவே இரண்டாகப் பிரியும்.

இப்போது புள்ளிக்கு வருவோம். 1970-ல் கேஸ் ஒரு வேலை செய்தது. முத்திரைக்குக் கீழே 10 புள்ளிகளைக் குத்தியது. அடுத்த வருஷம் 9. அதற்கடுத்த வருஷம் 8. ஒவ்வொரு வருஷமும் ஒரு புள்ளி குறையும். 1979-ல் ஒரே ஒரு புள்ளி. ராக்கெட் விடும்போது எண்ணுவார்களே, அதே தலைகீழ் எண்ணிக்கை. 1980-லிருந்து புள்ளிகளைக் கழித்தால் கத்தி பிறந்த வருஷம் வந்துவிடும். 7 புள்ளியா? 1973.

கொஞ்சம் பொறுங்க. 1980-ல் மறுபடியும் 10 புள்ளியிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். அப்படியானால் 7 புள்ளி 1973-ஆ, 1983-ஆ? இரண்டும் இருக்கலாம். பதில் புள்ளியில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. 80-களின் முத்திரையில் ஆங்கில ‘எஸ்’ எழுத்து வளைவாக இல்லாமல் மின்னல் மாதிரி கோணலாக வெட்டியிருக்கும். மின்னல் ‘எஸ்’ என்றால் 1990-லிருந்து கழிக்கணும்.

ஒரு சுவாரஸ்யம், அதே பிராட்ஃபோர்ட் ஊரில்தான் ‘ஜிப்போ’ லைட்டரும் தயாராகிறது. ஒரு காலத்தில் ஜிப்போவின் அடிப்பக்கத்திலும் புள்ளி, கோடு வைத்தே வருஷத்தைக் குறித்தார்கள். 1993-ல் ஜிப்போ, கேஸ் கம்பெனியையே வாங்கிவிட்டது. புள்ளி குத்துகிற ஊர்!

சரி, இதில் நாம் ஏமாறுவது எங்கே? 1965 முதல் 1969 வரை வந்த கேஸ் கத்திகளில் கம்பெனி பெயரும் ‘யு.எஸ்.ஏ.’வும் இருக்கும், புள்ளி இருக்காது. இப்போது 1979 கத்தி ஒன்றை எடுத்துக்குங்க. அதில் இருப்பதே ஒற்றைப் புள்ளி. பளபளப்பாக்குகிறேன் என்று யாரோ பாலிஷ் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து அந்தப் புள்ளி போய்விட்டால் என்ன ஆகும்? பார்வைக்கு அது 1960-களின் கத்தி! ஒரு புள்ளி காணாமல் போனதில் வயசு குறைந்தது பத்து வருஷம் கூடிவிடும், விலையும் கூடவே ஏறும். தெரியாமல் தேய்த்தார்களா, தெரிந்தே தேய்த்தார்களா என்பது தேய்த்தவருக்கே வெளிச்சம்.

அதனால் பழசு வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது புள்ளியை அல்ல, புள்ளி இருக்க வேண்டிய இடத்தை. மற்ற இடமெல்லாம் மங்கலாக இருந்து முத்திரைப் பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னினால் சந்தேகப்படணும். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தாலும் அப்படித்தான்.

இன்னொரு பரிசோதனை இதைவிடச் சுலபம். எண்ணும் கத்தியும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கணும். எண் 6-ல் ஆரம்பிக்கிறது, பிடியோ மஞ்சள். அப்படியென்றால் பிடி மாறியிருக்கிறது, அல்லது வேறொரு கத்தியின் பிளேடை இதில் கோத்திருக்கிறார்கள். எண்ணில் இரண்டாவது இலக்கம் 3, கையில் இருப்பதோ இரண்டு பிளேடு. மூணாவது எங்கே போச்சு? நாலு இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும், போட்டோவைப் பார்த்தே “வேண்டாம்” என்று சொல்லிவிடலாம். விளையாட்டில் உங்கள் போட்டோவைப் பார்த்து யாரோ ஒருவர் “இந்த எண் இந்தக் கத்திக்குப் பொருந்தலையே” என்று சொல்வதுகூட நல்லதுதான். கொஞ்சம் வலிக்கும், அடுத்த முறை காசு மிச்சம்.

போன் கேமராவில் முத்திரை எடுக்கிறவர்களுக்கு ஒரு டிப்ஸ். ஃபிளாஷ் போடாதீங்க, வெள்ளையாக அடித்து எல்லாத்தையும் மறைத்துவிடும். இன்னொரு போனின் டார்ச்சைக் கத்திக்குப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடிங்க. பள்ளத்தில் நிழல் விழும், தேய்ந்த புள்ளிகூட எழுந்து நிற்கும். முத்திரை தெளிவாகத் தெரியணும் என்று உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். தேய்ந்த புள்ளியைத் திரும்ப வைக்கிற கடை எதுவும் இல்லை.

இதெல்லாம் எண்ணா, இல்லையா?

எந்த விளையாட்டிலும் போங்கு ஆட்டம் உண்டே. இதிலும் உண்டு.

ஜெர்மனியின் ஜோலிங்கன் நகரில் ‘மெர்க்கேட்டர்’ என்று ஒரு கத்தி. கறுப்பு இரும்புப் பிடி, அதில் ஒரு பூனை படம், பக்கத்தில் ‘கே55கே’. 55-க்கு நேராக வந்துவிடலாம், தகராறே இல்லை. முதல் ‘கே’ காஃப்மன் என்ற முதலாளி பெயர், 55 முகவரி எண், கடைசி ‘கே’ ஜெர்மன் மொழியில் பூனை. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. அந்த காஃப்மன் தொழிற்சாலையின் பெயர் என்ன தெரியுமா? ‘இந்தியாவெர்க்’!

தகராறு வருவது இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து. வோஸ்டன்ஹோம் என்ற பழைய கம்பெனியின் முத்திரை ‘ஐ எக்ஸ் எல்’. சேர்த்துச் சொன்னால் ‘நானே மேலானவன்’ என்ற பொருள் வரும். ஆனால் குறும்புக்காரர் ஒருவர் அதை ரோமன் எண்ணாகப் படித்து 39 என்று வாதாடலாம். எக்ஸ் எல் என்றால் 40, முன்னால் ஒரு ஐ, அதனால் ஒன்று குறைவு என்பார். முறையான ரோமன் எழுத்தில் 39-ஐ அப்படி எழுதவே மாட்டார்கள். நான் நடுவராக இருந்தால் எண்ணைக் கொடுக்க மாட்டேன், சிரித்ததற்காக ஒரு லைக் கொடுப்பேன்.

எஃகின் பெயரை வைத்து ஆடுவதும் உண்டு. 1095 என்று ஒரு எஃகு ரகம். முதல் இரண்டு இலக்கம் அது சாதாரண கார்பன் எஃகு என்று சொல்லும். கடைசி 95, கார்பன் சுமார் 0.95 சதவிகிதம் என்று சொல்லும். வெட்டு பிரமாதம், ஆனால் எலுமிச்சம்பழம் நறுக்கி அப்படியே வைத்தால் கறை பிடிக்கும்.

ஒரே எண், ஆனால் வேறு கத்தி என்ற வம்பும் இருக்கிறது. ஷ்ரேட் கம்பெனியின் ‘ஓல்ட் டைமர்’ வரிசையில் 34ஓடி என்று ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்தில் இருந்த அந்தப் பழைய தொழிற்சாலை 2004-ல் மூடப்பட்டது. பெயரை வேறொருவர் வாங்கினார், தயாரிப்பு சீனாவுக்குப் போனது, மாடல் எண் மாறவில்லை. 34 என்று போட்டால் விளையாட்டில் இரண்டும் செல்லும். வாங்கும்போது முத்திரையில் நாட்டின் பெயரைப் படிக்காவிட்டால் பழைய ஆலையின் விலையில் புதிய கத்தி உங்கள் கைக்கு வரும்.

மூன்று இலக்கம் வந்துவிட்டால் பக் கம்பெனிக்காரர்கள் தெம்பாகிவிடுவார்கள். 1964-ல் வந்த அவர்களுடைய ‘110’ அமெரிக்காவின் மிகப் பிரபலமான மடக்குக் கத்திகளில் ஒன்று. இடுப்பில் உறையோடு மாட்டிக்கொள்கிற, பித்தளை முனை வைத்த கனமான கத்தி. அதன் தம்பி 112. மூணு பிளேடு ஸ்டாக்மேன் வேண்டுமென்றால் 301, கொஞ்சம் சின்னதாக 303. 1986 முதல் இவர்களும் மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு குறியீடு குத்துகிறார்கள்.

1,800 பிளேடு கத்தி

ஷெஃபீல்டில் ஜோசப் ராட்ஜர்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்காக ‘நார்ஃபோக் கத்தி’யைச் செய்தார்கள். முத்துச்சிப்பிப் பிடி, 75 பிளேடுகளும் கருவிகளும், அவற்றில் சித்திரங்கள். விற்க அல்ல, “எங்க ஆளுங்க கை எப்படின்னு பாருங்க” என்று காட்டுவதற்கு.

அதே ஆட்கள் அதற்கும் முன்பே, 1820-களின் தொடக்கத்தில், ‘வருஷக் கத்தி’ என்று இன்னொன்றைச் செய்தார்கள். கி.பி. 1-லிருந்து வருஷத்துக்கு ஒரு பிளேடு. அதாவது ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பிளேடுகள்! நம்ம ஊரில் ‘பிளேடு போடுறது’ என்றால் வேறு அர்த்தம், இவர்கள் நிஜமாகவே போட்டிருக்கிறார்கள். வருஷம் கூடக்கூடப் பிறகும் பிளேடு சேர்த்துக்கொண்டே போனார்கள். 1, 2, 3 என்று ஆன்லைனில் எண்ணுகிற விளையாட்டை இரும்பிலேயே ஆடிப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

ஆடணுமா? இதையும் பார்த்துக்குங்க

இதற்கு லட்சக்கணக்கில் செலவு செய்ய வேண்டியதில்லை. விலை உயர்ந்த கத்தி வைத்திருப்பவர் ஜெயிப்பார் என்ற உத்தரவாதமும் இந்த ஆட்டத்தில் கிடையாது. 14 வரும்போது தேவைப்படுவது பழைய கிளைம்பர்தானே தவிர, தந்தப் பிடி போட்ட அலங்காரக் கத்தி அல்ல. வீட்டு டிராயரில் தாத்தாவின் பேனாக்கத்தி ஏதாவது கிடந்தால் எடுத்து, பிளேடு எத்தனை, முத்திரையில் என்ன என்று பாருங்க. துரு இருந்தால் துணியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைங்க. திறக்கும்போது பிளேடின் பாதையில் விரல் வேண்டாம். வீட்டில் குட்டீஸ் இருந்தால் பூட்டி வைங்க.

சட்டத்திலும் எண் இருக்கிறது. இந்திய ஆயுத விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு கொண்ட கத்திகள் ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. பாக்கெட் கத்திகள் இந்த அளவை நெருங்குவதில்லை என்றாலும், பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சினிமாவுக்கும் மாலுக்கும் போனால் செக்யூரிட்டி கேட்கத்தான் செய்வார். விமானத்தில் கைப்பையில் வைத்தால் ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு வரவேண்டியதுதான். சாவிக்கொத்தில் தொங்குகிற குட்டி கிளாசிக் இப்படித்தான் நிறையப் பேரிடமிருந்து பறிபோகிறது, அது ஒரு கத்தி என்பதே அவர்களுக்கு மறந்திருக்கும்.

லண்டனில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு இதை ஃபார்வர்டு பண்ணுகிறீர்கள் என்றால், அங்கே எண் 3. வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேல் போகாத, பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தியை மட்டுமே காரணம் சொல்லாமல் வெளியே கொண்டுபோகலாம். ஓபினெல் நம்பர் 8 அங்கே இரண்டு விதத்தில் மாட்டும். விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டிவிடும், போதாக்குறைக்கு கழுத்தில் அந்தப் பூட்டு வளையம்.

வீட்டு டிராயரில் சுவிஸ் கத்தி இருந்தால் இப்போதே எடுத்து பாட்டில் ஓப்பனரைத் திருப்பிப் பாருங்க. அது எத்தனை? மூணு. வளையத்தை விட்டுடாதீங்க. கூட்டி எது வருகிறதோ அந்த எண் வருகிற வரை குழுவில் காத்திருக்கணும். அதற்குள் வேறொருத்தர் போட்டுவிட்டால்… 11-க்கு யாரிடமும் ஒன்றும் இருக்காது, அங்கே முயற்சி செய்யுங்க.